யாரும் அறுக்காத ராடு

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, என்னோடு வேலை பார்த்தவர்களிடம் என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். "அந்த ஆளா? கட்டின பொண்டாட்டி காப்பி கொடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு" என்பார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாண மண்டபத்துக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மாப்பிள்ளையை அல்ல, மேலே கூரையைத்தான். தலைக்கு மேல் எது தொங்கினாலும், யார் தொங்கவிட்டது, எதில் தொங்குகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

கேபிள் ட்ரே என்றால் என்ன என்று உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. மின்சாரக் கேபிள்களைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும் தகரப் பாதை அது. கூரையிலிருந்து, நட்டு திருக மறை போட்ட இரும்புக் கம்பிகள் இறங்கி அதைத் தாங்கிப் பிடிக்கும். அந்தக் கம்பியைத்தான் ராடு என்கிறோம். இடைவெளி எவ்வளவு, நட்டு எத்தனை, எடை எவ்வளவு என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாதது ஒன்று உண்டு. நாம் வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டு வந்த மறுநாளிலிருந்து அந்த ட்ரே ஊர்ச் சொத்து.

சாப்பாட்டுத் தூக்கு அதன் மேல் ஏறும். பழைய விளம்பரப் பலகை ஏறும். இடுக்கியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மழையில் நனைந்த கம்பளிகளையெல்லாம் கேபிளின் மேல் பரப்பி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "சூடா இருக்குல்லண்ணே, வெரசாக் காயும்" என்று பதில் வந்தது. கேபிள் ஏன் அவ்வளவு சூடாக இருக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை. இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துவிடலாம். பார்த்தால் இறக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் தொங்கிய ஒன்றைப் பற்றித்தான் இன்று சொல்லப்போகிறேன்.

பாலக்காட்டுச் சித்தூர் பக்கம், கேரள எல்லையை ஒட்டி, வேலந்தாவளத்திலிருந்து எருத்தேன்பதிக்குப் போகும் வழியில் ஒரு நெல் மில். பெயர் வேண்டாம். முதலாளி சண்முகம் இன்ஜினியரிங் படித்தவர், சுறுசுறுப்பானவர், எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்பவர். அவர் மில்லைப் பெரிதாக்கியபோது ட்ரே வேலையை எங்கள் ஆட்கள்தான் செய்தார்கள், நான்தான் மேற்பார்வை. சில வருடம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க, உங்க ட்ரேயை ஒருத்தன் அறுத்துப்போட்டானுங்க. நல்ல வேளை, ஆள் மேல உழுகலை. நீங்க வந்து அந்த ஒரு ராடு மட்டும் மாத்திக் குடுத்தாப் போதுமுங்க."

கூடவே ஒரு படமும் அனுப்பினார். நெல் அவிக்கும் கொட்டகையில் ட்ரே ஓரிடத்தில் வயிறு தள்ளிக்கொண்டு தொங்கியது. மேலே கூரையிலிருந்து ராடின் மிச்சம் ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. முனை வெட்டிவிட்ட மாதிரி நேராகத்தான் தெரிந்தது. ஆனால் அது கீழே நின்று எடுத்த படம். கீழே நின்று பார்த்தால் எல்லா முனையும் நேராகத்தான் தெரியும்.

இன்னொன்றும் உறுத்தியது. அறுத்தவன் ஒருத்தன் இருந்தால் பழி அவன் மேல் போகும். இல்லாவிட்டால் அந்த ட்ரேயைத் தொங்கவிட்ட என் மேல் வரும். ஆக, முதலாளி சொன்ன காரணம் எனக்கு ரொம்ப வசதியான காரணம். கேட்டதும் நெஞ்சு லேசானது என்பதை மறைக்கவில்லை. நெஞ்சு லேசாகிற இடத்தில்தான் நான் நின்றுவிடுவேன். உங்களுக்கு வசதியாக ஒரு பதில் கிடைத்தால், அதை எதிராளி சொன்னதைவிட இரண்டு மடங்கு சந்தேகப்படுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மில் வாசலில் மூட்டைகளின் மேல் ஒருத்தனை உட்கார வைத்து, சுற்றி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சாமுவேல். அந்த மில்லின் எலக்ட்ரீஷியன். எனக்குத் தெரிந்தவன்தான். பீருமேட்டுப் பக்கம் ஏலத் தோட்டத்தில் பிறந்தவன், எங்கள் ஆட்களோடு வந்து வேலை செய்துவிட்டு, அந்த மில்லிலேயே நின்றுகொண்டவன். என்னைப் பார்த்ததும் எழுந்தான். பிறகு தானே உட்கார்ந்துகொண்டான்.

முதலாளி என்னைத் தனியாக அழைத்துப் போனார். "போன வாரம் சபைக் கூட்டத்துக்கு லீவு கேட்டானுங்க. ஓணத்துக்கு அரிசி போற நேரம், தர முடியாதுன்னு சொல்லிப்போட்டேன். 'இந்த மில்லு எத்தனை நாளு ஓடுதுன்னு பாப்போம்'னு எல்லாரும் கேக்கச் சொல்லிப்போட்டுப் போனான். இப்ப இப்படி. மத்தியானம் சித்தூர் ஸ்டேஷன்ல பராதி குடுக்கப் போறேனுங்க."

"அவன் அறுத்ததை யாராச்சும் பாத்தாங்களா?"

"பாக்கோணுமா? அந்த இடத்துக்கு ஏறுனவன் அவன் ஒருத்தன்தானுங்க."

"கேமராவுல இருக்குதுங்களா?"

"கேமரா வாசல் கேட்டுக்கும் எடை மேடைக்கும் மட்டுந்தானுங்க. பழைய பதிவெல்லாம் அழிஞ்சும் போச்சு."

பழைய பதிவைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அறுத்தது நேற்றோ முந்தாநாளோ என்றால் பழைய பதிவு எதற்கு? அந்த இடத்துக்கு ஏறினவன் சாமுவேல் ஒருத்தன்தான் என்று இவருக்கு எப்படி அத்தனை நிச்சயமாகத் தெரியும்? இரண்டையும் மனசில் முடிந்துகொண்டேன்.

அவிக்கும் கொட்டகைக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டேன். தொங்கிய ட்ரேக்குக் கீழே சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்தேன். இதை அவசரத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு ராடு போனால் அதன் பாரத்தைப் பக்கத்து ராடுகள் வாங்கிக்கொண்டு நிற்கும், அவற்றுக்கு எவ்வளவு உயிர் பாக்கி என்று யாருக்கும் தெரியாது. முட்டுக் கொடுக்காமல் ஏணி சாத்துபவன் தன் பிள்ளைகளை நினைக்காதவன். அதற்குப் பிறகுதான் ஏறினேன்.

ஹாக்ஸா பிளேடு போட்டு அறுத்த இரும்பு பளபளக்கும், பிளேடின் கோடுகள் தெரியும். இதில் பளபளப்பே இல்லை. ராடு கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, சீவின பென்சில் மாதிரிக் கூராகி, அந்தக் கூரில் அறுந்திருந்தது. மறைகளின் அடையாளமே இல்லை. இளைத்த இடம் முழுக்க வெள்ளையாக ஏதோ பூத்து நின்றது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், எனக்கு வயசாகிவிட்டது, என்னை அள்ளிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. முதலில் உப்புக் கரித்தது. பிறகு நாக்கைச் சுருட்டுகிற மாதிரி ஒரு துவர்ப்பு. சவரக் கடையில் கன்னத்தில் தேய்த்துவிடுவார்களே, அந்தப் படிகாரம்.

பாய்லர் தண்ணீர் தெளியப் படிகாரம் போடுவார்கள். அங்கே இருக்கிறவன் எவனாவது கொண்டுவந்து தடவினானா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு ட்ரேக்குள் டார்ச் அடித்தேன். தவிட்டுத் தூசிக்கும் கேபிள்களுக்கும் நடுவே கறுப்புத் துணி ஒன்று கிடந்தது. மக்கிப்போயிருந்தாலும் கறுப்புக் கயிற்றின் முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. முடிச்சைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. நம்மில் யாருக்குத்தான் விளங்காது? கல்லுப்பும் படிகாரமும் கறுப்புத் துணியில் கட்டிய திருஷ்டி முடிச்சு. வீட்டு வாசலில் தொங்கினால் ஒரு கெடுதலும் இல்லை. நெல் அவிக்கிற ஆவியில் இரவு பகலாக நனைகிற இரும்புக் கம்பியில் இறுக்கிச் சுற்றினால், உப்பும் படிகாரமும் கசிந்து கசிந்து கம்பியைத் தின்றுவிடும். கண் படாமல் இருக்கக் கட்டியது கம்பிக்கே எமனாகிவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒருத்தன் கோபத்தில் அறுத்தான் என்றால், அறுபட்டது ஒரு ராடு. அதை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உப்பு தின்றது என்றால், இப்படி இன்னும் எத்தனை முடிச்சு எங்கெங்கே தின்றுகொண்டிருக்கிறது என்ற கேள்வி வருகிறது. முதலாளி ஆளைப் பிடித்துவிட்டார், அதனால் தேடுவதை நிறுத்திவிட்டார். மில்லில் இருந்த எல்லோரும் சாமுவேலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை.

இறங்கி வந்து முதலாளியிடம் துணியைக் காட்டி, ராடை யாரும் அறுக்கவில்லை, உப்புதான் தின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். "இங்க யாராச்சும் திருஷ்டிக்கு முடிச்சுக் கட்டினீங்களா?"

அவர் சிரித்தார். "நானு இன்ஜினியரிங் படிச்சவனுங்க. அந்தக் கருமமெல்லாம் என்ற மில்லுல கெடையாது."

"தப்புன்னு சொல்லலீங்க. கட்டியிருந்தா எத்தனை, எங்கன்னு தெரியோணும்."

"அதுதான் இல்லைங்கறேனே."

இல்லை என்பதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பொய் என்று நானும் முடிவு கட்டவில்லை. வேறு யாரோ அவருக்குத் தெரியாமல் கட்டியிருக்கலாம். மில்லில் இத்தனை பேர் இருக்கிறார்கள், எதிரே தமிழ்நாட்டுப் பக்கம் புதிதாக ஒரு மில் வந்து கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

வாசலுக்குப் போய்ச் சாமுவேலிடம் அந்தத் துணியைக் காட்டினேன். அவன் முகம் செத்துப்போனது. சுற்றி நின்றவர்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னேன்.

"இது என்னன்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"உனக்குத் தெரியும்."

"நான் கம்பிய அறுக்கல. அத மட்டும் நம்புங்க."

"கம்பி அறுபடலைன்னு நானே பாத்துட்டேன். உன்னை இப்பவே எழுப்பி ஊட்டுக்கு அனுப்பிருவேன். இதைக் கட்டினது யாருன்னு மட்டும் சொல்லு."

"அத எங்கிட்டக் கேக்காதீக."

இப்போது எனக்கு இருவர் மேலும் சந்தேகம். ஒருத்தர் இல்லை என்கிறார், இன்னொருவன் கேட்காதே என்கிறான். போலீஸ் வரை போகப்போகிறது, வேலை போகப்போகிறது. அப்படியிருந்தும் தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு வார்த்தையை ஒருத்தன் விழுங்குகிறான் என்றால், அதைவிடப் பெரிதாக எதற்கோ பயப்படுகிறான் என்று அர்த்தம். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

எல்லா ராடையும் ஏறிப் பார்க்காமல் மில் ஓடக் கூடாது என்று முதலாளியிடம் சொன்னேன். அண்ணாந்து பார்த்தால் தெரிகிற வேலை அல்ல அது. கூரைத் தகரத்தை ஒட்டி, கேபிள் மொத்தைக்குப் பின்னால், கரியும் தவிடும் படிந்து கிடக்கும் கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் ஏணியை நகர்த்தி ஏற வேண்டும். அன்று பொழுது முழுவதும் போதாது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். தொட்டிகளில் நெல் ஊறிக்கொண்டிருந்தது. நேரத்துக்கு அவிக்காவிட்டால் புளித்து நாறிவிடும், அரிசியை மாடுகூடத் தொடாது. அவித்து வைத்த நெல்லையும் அன்றைக்கே உலர்த்தியாக வேண்டும். புளித்த வாடை அப்போதே லேசாக வர ஆரம்பித்திருந்தது.

"நீங்க இந்தக் கொட்டகையைப் பாத்துக்கோங்க. நானு அக்கட்டால டிரையரை ஓட்டிக்கறேன். அங்க ஒண்ணும் ஆகலையே," என்றார்.

"அங்கயும் கட்டியிருந்தா?"

"கட்டலைன்னு எத்தனை வாட்டி சொல்றதுங்க?" என்றார். நெல்லை உலர்த்தும் அந்த டிரையருக்கான சுவிட்ச் பேனல் அவருடைய ஆபீஸ் ஓரம் இருந்தது. அதன் சாவி அவர் இடுப்பில் இருந்தது. மில் அவருடையது, ஆட்கள் அவருடையவர்கள், நான் ட்ரே கட்டிக் கொடுத்த கம்பெனியின் ஆள். அவர் போய் ஆட்களைக் கூப்பிட்டார்.

அவிக்கும் கொட்டகைக்கும் டிரையர் கூடத்துக்கும் நடுவே ஒரு நடைவழி உண்டு. தலைக்கு மேல் நீளத்துக்கும் ட்ரே போகும். பெண்கள் அவித்த நெல்லைத் தள்ளுவண்டிகளில் அந்த வழியாகத்தான் கொண்டுபோவார்கள். அவர்களுக்கு மேஸ்திரி பொன்னாத்தா. வண்டியோடு நடைவழி வாசலில் நின்று என்னையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்ணா, நாங்க உள்ள போலாமுங்களா?"

"வேண்டாமுங்க. மேல பாக்காம யாரும் போக வேண்டாம்," என்றேன்.

"போங்க," என்றார் முதலாளி. "நெல்லு நாறுது. அவர் பாக்கறதுக்குள்ள ஓணம் முடிஞ்சுரும்."

பெண்கள் நகரவில்லை. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. சொல்கிறவர் சம்பளம் கொடுப்பவர். வேண்டாம் என்கிறவன் இன்றைக்கு வந்து சாயங்காலம் போய்விடுகிறவன். நான் குறுக்கே போய் நின்றேன். என்னைத் தள்ளிவிட்டுப் போகச் சொன்னால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பயமாகத்தான் இருந்தது. நான் கத்துகிற ஆள் அல்ல, கத்தியிருந்தாலும் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பொன்னாத்தா வண்டியை ஒரு தள்ளுத் தள்ளினார். சக்கரம் நடைவழிக்குள் உருண்டது.

"அக்கா, நில்லுங்க."

சாமுவேல் மூட்டை மேலிருந்து எழுந்து வந்திருந்தான். நனைந்திருந்தான்.

"அங்கனயும் ஒண்ணு கெட்டிருக்கேன். நடுவுல, ரெண்டாவது உத்தரத்துக்குப் பக்கத்துல. நாந்தான் கெட்டினேன். மொதலாளி சொல்லிக் கெட்டினேன்."

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"பொய் சொல்றான்," என்றார் அவர். "மாட்டிக்கிட்டான்ல, என்னையும் சேத்து இழுக்கறான். நீங்க வண்டியைத் தள்ளுங்க. நானு போயி பேனலைப் போடறேன்."

நாங்கள் நின்ற இடத்திலிருந்து பேனலுக்கு நேர்வழி அந்த நடைவழிதான். உள்ளே நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால் ஆபீஸ். முதலாளி விடுவிடுவென்று நடந்தார். நடைவழி வாசல் வரை வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு வெளியே இறங்கி, கொட்டுகிற மழையில், களத்தைச் சுற்றிக்கொண்டு ஆபீஸை நோக்கிப் போனார். தலையில் கைக்குட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

பொன்னாத்தா தள்ளுவண்டியைப் பின்னுக்கு இழுத்தார். மற்றப் பெண்களும் இழுத்தார்கள். முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார், வண்டிகள் வெளியே நிற்பதைப் பார்த்தார், பேனலைத் தொடவில்லை.

இன்னும் சில முட்டுக் கட்டைகளை நடைவழிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஏறினேன். சாமுவேல் சொன்ன இடத்தில் முடிச்சு இருந்தது. கூரையை ஒட்டி, யார் கண்ணிலும் படாதபடி, ஊறிப்போய், கையில் பிசுபிசுத்தது. அதை அவிழ்த்துவிட்டு ஸ்பானரை நட்டில் வைத்து லேசாகத் திருகினேன். நட்டு திரும்பவில்லை, ராடே கையோடு வந்துவிட்டது. முட்டு இல்லாதிருந்தால் ட்ரே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், அப்போது வண்டியோடு யார் வந்துகொண்டிருந்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ரெண்டுதாண்ணே, வேற இல்ல," என்று சாமுவேல் கீழே நின்று சொன்னான். ரெண்டுதான் இருந்தது. ஆனாலும் நான் எல்லா ராடையும் ஏறிப் பார்த்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

முதலாளி பிறகு சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். எதிர் மில் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. மேற்கேயிருந்து வந்த ஒரு ஜோசியர், கண்ணேறு பட்டிருக்கிறது, நெருப்பும் நீரும் இருக்கிற இடத்தில் தலைக்கு மேலே, யார் கண்ணுக்கும் படாமல், இரும்பில் கட்டு என்று சொல்லியிருக்கிறார். படித்தவர் இதைச் செய்தார் என்று வெளியே தெரிந்தால் மானக்கேடு. ஏணி ஏறக்கூடிய சாமுவேலை ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் கட்ட வைத்திருக்கிறார். பழைய பதிவு அழிந்துபோனதை நான் கேட்காமலே சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துத்தான். ராடு அறுந்ததும் அவருக்கு உப்பு நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்துக்கு ஏறத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான் என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. சாமுவேலின் மேல் அவருக்கு வந்த சந்தேகம் உண்மையான சந்தேகம்தான், அதை நான் நம்புகிறேன். துணியைக் காட்டிய பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நெல்லில் பாதி புளித்தது. சாயங்காலம் முதலாளி வெளியே வந்து சாமுவேலிடம் தாழ்ந்த குரலில், "நானு சொன்னது தப்புதான்," என்றார். பொன்னாத்தா விடவில்லை. "சித்த சத்தமாச் சொல்லுங் மொதலாளி. காத்தால சத்தமாத்தானுங்க சொன்னீங்க," என்றார். முதலாளி இரண்டாம் முறை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுங்கள். ஆனால் முதலில் இரும்பைச் சந்தேகப்படுங்கள், ஆளைப் பிறகு பார்க்கலாம். ஆள் ஓடிப்போக மாட்டான், ஓடினாலும் பிடிக்கலாம். ராடு மேலிருந்து வருகிறபோது சொல்லிவிட்டு வராது. புது இடத்துக்குப் போனால் கூச்சப்படாமல் கேளுங்கள்: எங்கே என்ன கட்டியிருக்கிறீர்கள், எந்தச் சாமிக்கு, எந்தக் கண்ணுக்கு? கிண்டல் செய்யாதீர்கள். கிண்டல் செய்தால் அடுத்த முறை மறைத்துக் கட்டுவார்கள். வாசல் நிலையில் கட்டிக்கொள்ளுங்கள், சுமை தாங்குகிற கம்பியில் வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

சாமுவேல் அந்த மில்லில் அதற்குப் பிறகு நிற்கவில்லை. சில வாரம் கழித்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். டீக்கடையில் உட்கார்ந்தோம். அன்றைக்கு ஏன் அத்தனை நேரம் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நான் சபைல பிள்ளைகளுக்கு வேதப்பாடம் எடுக்கவன்ணே. விக்கிரகம், மந்திரம், தாயத்து எல்லாம் பாவம்னு ஞாயித்துக்கெழம சொல்லிக் குடுத்துட்டு, அதே ஞாயித்துக்கெழம மத்தியானம் ஏணில ஏறி முடிச்சுக் கெட்டினவன். அறுத்தான்னு போலீஸ் புடிச்சாக்கூட நான் செய்யாத தப்பு. இது நான் செஞ்சது."

"இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே?"

"அன்னைக்கே வீட்டுக்குப் போயி என் பொஞ்சாதிட்டச் சொல்லிட்டேன். சபைலயும் எந்திருச்சுச் சொல்லிட்டேன். பாடம் எடுக்க வேண்டாம்னு நிறுத்தி வச்சிருக்காக. அது சரிதான்."

"வீட்டுல என்ன சொன்னாங்க?"

அவன் டீக்கிளாஸைக் கீழே வைத்தான்.

"திட்டல. முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, 'பொன்னாத்தாக்கா வண்டியத் தள்ளுனதுனால பேசிட்டீக. அந்தக் கம்பிக்குக் கீழ மொதலாளி மட்டும் நின்னுருந்தா வாயத் தொறந்திருப்பீகளா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"தொறந்திருப்பேன்னுதான் சொன்னேன். அவ நம்பல." டீக்குக் காசை எடுத்து வைத்துவிட்டு, "எனக்கும் முழுசா நம்பிக்கை இல்லண்ணே," என்றான்.